பெயர் சொல்லாத மசாலா

சான் பிரான்சிஸ்கோவின் டிசம்பர் குளிர், கடலிலிருந்து ஈரத்தோடு ஏறிவரும் குளிர். அப்படியொரு மாலையில் நண்பர் ஒருவரின் வீட்டு மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். நடுவில் பெரிய புட்டி ஒன்று. அதன் லேபிளில் கையால் வரைந்த ஒரு மரம். அந்த ஊரின் ஆங்கர் ஆலை ஆண்டுதோறும் வெளியிட்டுவந்த கிறிஸ்துமஸ் பியர் அது. குவளையில் ஊற்றியதும் கருப்பட்டிப் பாகின் நிறம், மேலே பழுப்பேறிய நுரை. ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, உள்ளே என்னென்ன மசாலா இருக்கிறது என்று தாளில் எழுதி மடித்துவைப்பது என்று பேசிக்கொண்டோம்.

பிரித்துப் பார்த்தால் ஐந்து தாளிலும் ஐந்து பதில். ஜாதிக்காய் என்றது ஒன்று. ஊசியிலை மரத்தின் தளிர் என்றது இன்னொன்று. கிராம்பும் இஞ்சியும் என்றார் மூன்றாமவர். நான்காவது தாளில் பட்டையும் ஆரஞ்சுத் தோலும். என் தாளில் நான் எழுதியிருந்தது மசாலாவின் பெயரே அல்ல: ‘தம் போட்ட சட்டியைத் திறக்கும்போது வரும் வாசனை.’ அந்த மேசையில் நான் ஒருவன்தான் தமிழன். பட்டையும் கிராம்பும் எனக்குச் சோற்றின் வாசனை, மற்ற நால்வருக்கும் கேக்கின் வாசனை.

யார் சொன்னது சரி என்று புட்டியைத் திருப்பிப் பார்த்தோம். மசாலாவின் பெயர் எதுவும் அதில் இல்லை. ஆங்கர் ஆலையின் வழக்கம் அது. 1965இல் நொடித்துப்போகும் நிலையில் இருந்த அந்தச் சிறிய ஆலையை ஃபிரிட்ஸ் மேடாக் என்ற இளைஞர் வாங்கினார். 1975இல் முதல் கிறிஸ்துமஸ் பியரை வெளியிட்டார். ஒவ்வோர் ஆண்டும் செய்முறை மாறியது. லேபிளில் உள்ள மரமும் மாறியது. 1987 முதல் அதில் மசாலா சேர்ந்தது. எந்த மசாலா என்று மட்டும் ஆலை சொன்னதில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் அமெரிக்காவின் பியர் விரும்பிகள் இதையே பேசிப்பேசி மாய்ந்தார்கள்.

பண்டிகைக்கென்று தனிப் பியர் வடிப்பது ஆங்கர் தொடங்கிய பழக்கமல்ல. நார்வேயின் பழைய குலாதிங் சட்டம், குளிர்காலப் பண்டிகைக்குப் பியர் வடிக்காத குடியானவருக்குத் தண்டம் விதித்தது. இங்கிலாந்தில் ஜாதிக்காயும் இஞ்சியும் சர்க்கரையும் சேர்த்துச் சூடாக்கிய ஏல் வகைப் பியரில் சுட்ட ஆப்பிளை மிதக்கவிட்டுக் குடித்தார்கள். மசாலா விலை உயர்ந்த பொருளாக இருந்த காலத்தில், ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைக் கண்ணில் காட்டும் நாள் பண்டிகை நாள்.

அந்த ஐந்து தாள்களுக்கு வருவோம். ஐந்து பேருக்கும் நல்ல மூக்கு. ஒருவர் சமையலையே தொழிலாகக் கொண்டவர். ஆனாலும் பதில்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. எங்களில் யாருக்கும் நுகரும் திறன் குறைவு என்று நான் நினைக்கவில்லை. மனித மூக்கு வேலை செய்யும் விதமே இப்படித்தான்.

முதலில் நாக்கை ஒதுக்கிவிடலாம். நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, உமாமி என்ற இறைச்சிச் சுவை, இவ்வளவுதான். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஓர் ஏலக்காயை மென்று பாருங்கள். லேசான கசப்பு, கொஞ்சம் குளிர்ச்சி, வேறெதுவும் இல்லை. மூக்கிலிருந்து விரலை எடுத்த நொடியில் ஏலக்காய் வாய்க்குள் வந்து நிற்கும். உண்மையில் அது வாயில் இல்லை. மென்றதில் கிளம்பிய ஆவி தொண்டையின் பின்புறம் வழியாக மூக்கின் கூரைக்கு ஏறுகிறது. மூளை அந்த வாசனையை வாயில் இருப்பதாகக் கணக்கில் எழுதிக்கொள்கிறது. பியரை விழுங்கியபின் மூக்கால் விடும் மூச்சில்தான் மசாலாவின் பெரும்பகுதி தெரிகிறது. சிப் சிப்பாக உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிட்டுக் காத்திருப்பவருக்கு அது கிடைக்கும். மடமடவென்று குடிப்பவர் அதை இழக்கிறார்.

மூக்கின் கூரையில் ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் இருக்கின்றன. லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 1991இல் இந்த ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தைக் கண்டறிந்தார்கள். 2004இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு வாசனைக்கு ஓர் ஏற்பி என்று கணக்கு நேராக இருந்தால் மசாலாவைக் கண்டுபிடிப்பது எளிது. ஆனால் ஒரே மூலக்கூறு பல ஏற்பிகளைத் தட்டுகிறது. ஒரே ஏற்பி பல மூலக்கூறுகளுக்குத் திறக்கிறது. வீணையில் ஒரு தந்தியை மீட்டுவதுபோல் அல்ல, ஆர்மோனியத்தில் ஒரே நேரத்தில் பல கட்டைகளை அழுத்துவதுபோல. எந்தெந்தக் கட்டைகள் சேர்ந்து அழுந்தின என்ற கோலத்தை மூளை ஒரே வாசனையாக எடுத்துக்கொள்கிறது.

இரண்டு மூன்று பொருள்கள் கலந்தால் கோலங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடுகின்றன. டேவிட் லெய்ங் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் 1980களின் இறுதியில் இதை அளந்து பார்த்தார். ஆய்வில் கலந்துகொண்டவர்களுக்குச் சில வாசனைகளைத் தனித்தனியாக நன்றாகப் பழக்கினார். பிறகு அவற்றைக் கலந்து கொடுத்து, உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று கேட்டார். மூன்று அல்லது நான்கு வாசனைகளுக்கு மேல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பின்னர், வாசனைத் திரவியம் தயாரிப்பதையே தொழிலாகக் கொண்ட வல்லுநர்களை உட்காரவைத்துச் சோதித்தபோதும் அந்த எல்லை நகரவில்லை. பல பத்து வேதிப்பொருள்கள் சேர்ந்த ஒரு வாசனையையும் மூளை ‘ஒன்று’ என்றே எண்ணுகிறது. அப்படிப்பட்ட ‘ஒன்றுகள்’ நான்கைத் தாண்டினால் கை விரித்துவிடுகிறது.

எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடித்தமானது. நம் வீட்டில் அரைத்த மசாலாப் பொடியின் வாசனையை ‘பாட்டி அரைத்தது’ என்று நொடியில் சொல்லும் ஒருவரால் அதில் கல்பாசி இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியாமல் போவது ஏன் என்பது இதில் விளங்கிவிடுகிறது. முழுதை அடையாளம் காண்பதில் மூக்கு மகா கெட்டி. பகுதியைப் பிரிப்பதில் அதற்கு அவ்வளவு பயிற்சி இல்லை. வாழ்வதற்கு அது தேவைப்படவுமில்லை.

ஐந்து தாள்கள் வேறுபட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சமையலறையில் தனித்தனி டப்பாவில் இருக்கும் மசாலாக்கள், வேதியியலில் ஒன்றுக்கொன்று உறவுக்காரர்கள். ஜாதிக்காயின் எண்ணெயில் சாபினீனும் பைனீனும் அதிகம். பைனீன் என்ற பெயரே பைன் மரத்திலிருந்து வந்தது. ஊசியிலைக் காட்டில் நடக்கும்போது நம்மைச் சூழ்வது அதுதான். பியரில் கசப்புக்காகப் போடும் ஹாப்ஸ் பூவிலும் அது கொஞ்சம் இருக்கிறது. ஆகவே ஜாதிக்காய் என்று எழுதியவரும் மரத்தளிர் என்று எழுதியவரும் ஒரே மூலக்கூறை இரண்டு பெயர்களால் அழைத்திருக்கலாம். கொத்தமல்லி விதையின் எண்ணெயில் பாதிக்கு மேல் லினலூல். அதே லினலூல் ஏலக்காயிலும் ஹாப்ஸிலும் லாவெண்டர் பூவிலும் உண்டு. கிராம்பு எண்ணெயின் பெரும்பகுதி யூஜெனால். துளசியிலும் அது உண்டு. இலங்கைப் பட்டையிலும் யூஜெனால் சிறிதளவு இருக்கிறது. அமெரிக்கக் கடைகளில் பட்டை என்ற பெயரில் பெரும்பாலும் விற்கப்படும் காசியா என்ற தடித்த பட்டையில் அநேகமாக இல்லை. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ பட்டையை முகர்ந்து வளர்ந்தவரும் ஓஹையோவில் வளர்ந்தவரும் ‘பட்டை’ என்று சொல்லும்போது இருவர் மனத்திலும் இருப்பது ஒரே வாசனை அல்ல.

இதைவிட ஆச்சரியமானது ஒன்று உண்டு. கிராம்பே போடாத பியரில் கிராம்பு மணக்கும்.

பவேரியாவில் 1516இல் பிறப்பித்த ஆணை, பியரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் சேரக்கூடாது என்றது. ஆனால் அந்த நாட்டின் கோதுமைப் பியரை முகர்ந்தால் முதலில் வருவது வாழைப்பழமும் கிராம்பும். இரண்டையும் செய்வது ஈஸ்ட். தானியத்தின் உமியில் ஃபெருலிக் அமிலம் என்ற பொருள் இருக்கிறது. அது ஈஸ்டுக்கு ஆகாது. தனக்கு ஆகாததை ஈஸ்ட் உடைத்து வேறொன்றாக மாற்றுகிறது. அந்த வேறொன்றின் பெயர் 4-வினைல்குவையகால். கிராம்பின் யூஜெனாலுக்கும் இதற்கும் கட்டமைப்பில் உள்ள வேறுபாடு ஒரே ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும்தான். மூக்கு இரண்டையும் அண்ணன் தம்பியாகவே பார்க்கிறது. மால்ட் என்ற முளைகட்டிய தானியத்தின் கூழைச் சற்று நேரம் 45 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்திருந்தால் ஃபெருலிக் அமிலம் அதிகம் கழன்றுவரும் என்பது பவேரிய வடிப்பாளர்களுக்குத் தெரியும். கிராம்பு வாசனையைக் கூட்டவும் குறைக்கவும் அவர்கள் தொடுவது அடுப்பின் தீயைத்தான்.

எல்லா ஈஸ்டும் இதைச் செய்வதில்லை. பெல்ஜியத்தின் லூவன் நகர ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் 157 ஈஸ்ட் வகைகளின் மரபணுத்தொகுதியைப் படித்து 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மனிதர் பியருக்காகப் பழக்கிய பெரும்பாலான ஈஸ்டுகளில் இந்தக் கிராம்பு வாசனைக்கான மரபணுக்கள் பழுதாகிக் கிடந்தன. வேண்டாத வாசனை என்று தலைமுறை தலைமுறையாக வடிப்பாளர்கள் ஒதுக்கியதில் அவை உதிர்ந்திருக்கின்றன. கோதுமைப் பியர் ஈஸ்டில் மட்டும் அவை பத்திரமாக இருக்கின்றன, அங்கே அந்த வாசனையை மனிதர் விரும்பியதால். நெல்லில் மணி உதிராத பயிரையே நம் முன்னோர் தேர்ந்தெடுத்ததுபோல, கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரிலும் மனித ருசி தன் தடத்தைப் பதித்திருக்கிறது.

உலர்ந்த திராட்சை, பேரீச்சை வாசனைக்கும் இதே கதை. ஆஸ்திரியாவில் ஆண்டுதோறும் டிசம்பர் 6ஆம் தேதி வடித்து மாதக்கணக்கில் ஊறவைக்கும் சாமிக்லாஸ் பியரில் 14 சதவீதம் ஆல்கஹால் உண்டு. பழமோ மசாலாவோ அதில் கிடையாது. மால்ட் வறுபடும்போது சர்க்கரையும் அமினோ அமிலமும் வினைபுரிந்து பிறக்கும் பொருள்கள்தான் அந்தப் பழவாசனையின் மூலம். காபிக்கொட்டைக்கும் தோசையின் முறுகலுக்கும் வாசனை தருவது அதே வினைதான்.

உண்மையான மசாலாவைப் போடும் வடிப்பாளரின் பாடு இதைவிடக் கடினம். கொதிக்கும் சாற்றில் முதலிலேயே போட்டால் வாசனை ஆவியாகிப் போகும். கசப்பு மட்டும் தங்கும். நொதிக்கும்போது போட்டால், பொங்கிவரும் கரியமில வாயு வாசனையைத் தூக்கிக்கொண்டு போகும். ஈஸ்டும் சும்மா இருக்காது. பட்டைக்குப் பட்டை வாசனை தரும் சின்னமால்டிஹைடை அது சின்னமைல் ஆல்கஹாலாக மாற்றிவிடும். அதில் பட்டையின் காரம் இல்லை, மென்மையான பூவாசனைதான். அதனால் பலர் அடுப்பை அணைக்கும் நேரத்தில் கொஞ்சம், நொதித்து முடிந்தபின் கொஞ்சம் என்று பிரித்துப் போடுகிறார்கள். தாளிப்பை இறக்கும்போது கொட்டும் நம் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

இஞ்சியின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால். அதைக் காயவைத்தால் ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்று ஷோகால் ஆகிறது. அதன் காரம் ஜிஞ்சராலைவிட அதிகம். வேகவைத்தால் வேறு திசையில் உடைந்து, சாதுவான, இனிப்பு மணமுள்ள ஜிங்கரோன் ஆகிறது. ஆங்கிலத்தில் உலர்ந்தாலும் இஞ்சி இஞ்சிதான். தமிழ் அதற்குச் சுக்கு என்று தனிப் பெயர் வைத்திருக்கிறது. வேறு பொருள் என்று நாக்கு உணர்ந்ததை மொழியும் ஒப்புக்கொண்டிருக்கிறது.

காரம் சுவையும் அல்ல, வாசனையும் அல்ல. அது வலியையும் சூட்டையும் சொல்லும் முக்கிளை நரம்பின் செய்தி. டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் 1997இல் கண்டறிந்த டிஆர்பிவி1 என்ற ஏற்பி, 42 டிகிரியைத் தாண்டிய சூட்டில் திறக்கும். மிளகாயின் காரப்பொருளுக்கும் இஞ்சியின் ஜிஞ்சராலுக்கும் அப்படியே திறக்கும். ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. பியரில் உள்ள ஆல்கஹால் இந்த ஏற்பியின் எல்லையை 34 டிகிரி அளவுக்கு இறக்கிவிடக்கூடியது. அதாவது நம் உடம்பின் சொந்தச் சூடே அந்த நரம்புக்குச் சுடுகிறது. குளிர்காலப் பியர்களில் மசாலாவையும் ஆல்கஹாலையும் சேர்த்துக் கூட்டுவார்கள்; இரண்டும் ஒரே கதவைத் தட்டுகின்றன. நெஞ்சில் இறங்கும் அந்தக் கதகதப்பு நரம்பு சொல்லும் செய்தி மட்டுமே. ஆல்கஹால் தோலின் இரத்தக்குழாய்களை விரிப்பதால் உடம்பு உண்மையில் சூட்டை இழந்துகொண்டிருக்கும். பனியில் குடித்துவிட்டு வெளியே படுப்பவர் இறந்துபோவது இதனால்தான். குளிருக்கு இது மருந்து என்று நம்ப வேண்டாம்.

நுரையின் சுறுசுறுப்பும் வெறும் குமிழி உடைவது அல்ல. நாக்கில் புளிப்பை உணரும் செல்களின் மேல் ஒரு நொதி இருக்கிறது. அது கரைந்த கரியமில வாயுவை அமிலமாக்குகிறது. அந்த அமிலத்தைத்தான் நாக்கு உணர்கிறது. மலையேறுபவர்கள் உயர நோய்க்காக அசிட்டசோலமைடு என்ற மாத்திரை சாப்பிடுவார்கள். உச்சியை எட்டிய மகிழ்ச்சியில் பியரைத் திறந்தால் பாத்திரம் கழுவிய தண்ணீர்போல் இருக்கும். குமிழிகள் அத்தனையும் இருக்கும். மாத்திரை அந்த நொதியை அடக்கிவைத்திருக்கும்.

இவ்வளவுக்கும் மேலே மனம் இருக்கிறது. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகர மதுக்கூடங்களில் நடத்திய ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. சாதாரணப் பியரில் சில துளி பால்சாமிக் வினிகரைக் கலந்து கொடுத்தார்கள். எதுவும் சொல்லாமல் கொடுத்தபோது பலர் அதை விரும்பினார்கள். வினிகர் என்று முன்பே சொல்லிக் கொடுத்தபோது முகம் சுளித்தார்கள். குடித்து முடித்தபின் அதை அறிந்தவர்களிடம் அந்தச் சுளிப்பு இல்லை. முன்கூட்டிச் சொன்ன சொல் சுவையையே மாற்றியிருக்கிறது. கிளீவ்லாந்தின் கிரேட் லேக்ஸ் ஆலை 1992 முதல் வடிக்கும் கிறிஸ்துமஸ் பியரில் தேன், இஞ்சி, பட்டை என்று வெளிப்படையாக எழுதியிருக்கும். அதைக் குடிப்பவர்கள் அந்த மூன்றையும் தவறாமல் காண்கிறார்கள். அதே மூக்கோடு ஆங்கர் பியரைக் குடித்தபோது ஆளுக்கொரு பதில் வந்தது.

வளர்ப்பும் இதில் சேர்ந்துகொள்கிறது. மேலைநாட்டில் பட்டையை இனிப்போடு சேர்த்தே உண்டு வளர்ந்தவர்களுக்கு, பட்டை வாசனை வந்தாலே பியர் இன்னும் இனிப்பாகத் தெரியும். சர்க்கரை கூடவில்லை, பழக்கம் கூட்டுகிறது. எனக்கு அந்தப் பியர் அன்று இனிக்கவில்லை. கொழுப்பும் உப்புமாக ஏதோ ஒன்று கூடவே வரவேண்டும் என்று நாக்கு எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. மேசையில் இருந்த வறுத்த முந்திரியைக் கடித்தபின்தான் அது எனக்குப் பொருந்தியது. என் மூக்கு தவறிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. அதே மூலக்கூறுகள் வேறொரு ஊரில் வேறு கதையோடு எனக்குப் பழக்கமாயின.

ஆகவே ஆங்கர் ஆலை மறைத்துவைத்த இரகசியத்தைப் பெரும்பாலும் காத்தது அந்த ஆலையின் பூட்டு அல்ல, குடித்தவர்களின் மூக்கு. மேடாக் செய்தது சரி என்றே எனக்குப் படுகிறது. பெயரைச் சொல்லியிருந்தால் அந்தப் பெயரை மட்டும்தான் குடித்திருப்போம். 2022 வரை 48 கிறிஸ்துமஸ்களுக்கு அந்தப் பியர் வந்தது. 2023 ஜூலையில் ஆலை மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. 2024இல் புதிய உரிமையாளர் ஒருவர் வாங்கினார்.

இதைச் சோதித்துப் பார்க்கப் பியர் வேண்டாம். வீட்டில் சுக்குமல்லிக் காபி போடும்போது வழக்கமானவற்றோடு புதிதாக இரண்டு பொருள்களைச் சேருங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், வாய் பொறுக்கும் சூட்டில் நான்கு பேருக்குக் கொடுங்கள். முதல் வாய் மூக்கைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வாய் விட்டுவிட்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று ஆளுக்கொரு தாளில் எழுதச் சொல்லுங்கள். எல்லாத் தாளையும் பிரித்துப் படித்து முடிக்கும்வரை பதிலைச் சொல்லாதீர்கள்.